பொரித்துத் தரப்படும்

எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஒருவர் இருக்கிறார். ரேடியோ கேட்கிற ஜனங்கள் ஒழிந்த பிறகும் அவர் பெயர் ரேடியோக்காரர்தான். இப்போது மிக்சியும் ஃபேனும் பார்க்கிறார். அவருடைய மனைவி ஒரு கோழி வளர்த்தார். அது பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த சமயம், இரை பொறுக்க ஐந்து நிமிஷம் தெருவில் இறங்கி, தண்ணீர் லாரியில் அடிபட்டு இயற்கை எய்தியது.

அந்த அம்மாள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. முட்டைகளைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கணவரின் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதுதான் போயிடுச்சு. இதுங்களையாவது காப்பாத்திக் குடுங்க. ஊர்ல இருக்கிற ரேடியோவுக்கெல்லாம் உயிர் குடுத்தீங்களே!"

ரேடியோக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு குண்டு பல்பு. சூடு ஏறினால் பல்பை அணைக்கவும் இறங்கினால் போடவும் பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு சாமான். காற்று காய்ந்துபோகாமலிருக்க ஒரு கிண்ணம் தண்ணீர். மேலே மூடுவதற்குக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தவன் அடியேன். பக்கத்துக் கடை என்னுடையது. முட்டைகளைக் காலையும் மாலையும் திருப்பிவிட வேண்டுமாம். மறக்காமலிருக்க ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறு பக்கம் வட்டமும் பென்சிலால் போட்டார் அந்த அம்மாள்.

இதுவரை சட்டப்படி யாரும் ஒரு குற்றமும் செய்யவில்லை. பெட்டி நன்றாக வேலை செய்வதைப் பார்த்துப் பூரித்துப்போன ரேடியோக்காரர், நாலு பேருக்கு உபயோகப்படட்டுமே என்று கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இங்கே முட்டை பொரித்துத் தரப்படும்.'

மறுநாளே உணவு சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். ஒரு சாக்கடை அடைப்புக்காக நாங்கள் அவரை ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பலகை கூப்பிட்டதும் வந்தார்.

"எண்ணெய் எங்க?" என்றார்.

"எண்ணெய் எதுக்கு சார்?"

"எண்ணெய் இல்லாமலா முட்டை பொரிக்கிறீங்க?"

"ஆமா சார். வெறும் சூடுதான்."

"ஒரு முட்டை பொரிய எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு வாரம் சார்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "மூணு வாரமா? அதுவரைக்கும் சாப்பிட வந்தவங்க எங்க உட்காருவாங்க? கை கழுவ இடம்? படுக்க வசதி?"

"ஐயோ, இது குஞ்சு பொரிக்கிறது சார்!"

"குஞ்சையும் பொரிக்கிறீங்களா? பலகையில முட்டை மட்டும்தானே போட்டிருக்கு?"

அடுப்பு, எண்ணெய், புகைபோக்கி ஆகிய யாதொன்றும் இன்றி, பொதுமக்களை மூன்று வார காலம் பசியோடு காத்திருக்கச் செய்யும் உணவகம் என்று ஆய்வாளர் எழுதினார். பெட்டியைக் கைப்பற்றப்போவதாகச் சொன்னார். அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றார். அழுது பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போறதுன்னா இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதிட்டுப் போங்க. லைட் எரியுது. கிண்ணத்துல தண்ணி இருக்கு. முட்டை பன்னிரண்டு. நாளைக்கு அது இல்லே இது இல்லேன்னு கையை விரிக்கக் கூடாது!"

ஆய்வாளர் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். கம்பளியைப் போர்த்திப் பெட்டியை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அலுவலகம் தெருக்கோடியில்தான் இருக்கிறது.

அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரியை ஊரில் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்வோம். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எந்த விஷயத்திலும் அவசரப்பட்டு ஒரு தவறு செய்தார் என்று அவர்மேல் ஒரு சொல் கிடையாது, ஏனென்றால் அவர் எதையும் செய்ததில்லை.

அந்த அம்மாள் தினமும் போய் அவர் முன்னால் நின்றார். துணைக்கு நானும் போனேன்.

"ஐயா, என் முட்டை?"

"விசாரணையில இருக்கு. பார்க்கலாம்."

"உள்ளே உயிர் இருக்குங்க!"

"உயிர் இருந்தா அது கால்நடைத் துறை. சாப்பிடற பொருளா இருந்தா நாங்க. இப்போ பார்வைக்கு முட்டை. முட்டைன்னா சாப்பிடற பொருள்."

"உயிர் இருக்குன்னு எப்படித்தான் ஒத்துக்குவீங்க?"

"அதுவே வெளியில வந்து சொல்லட்டும். உடனே மாத்திடறோம்."

ஆனால் ஒன்று. கைப்பற்றிய பொருளைக் கைப்பற்றிய நிலையிலேயே பேண வேண்டும் என்பது விதி. அந்த அலுவலகத்தில் எந்த விதியும் மீறப்பட்டதில்லை. பல்பு எரிந்த நிலையில் கைப்பற்றப்பட்டதால் அது எரிந்தாக வேண்டும். வராந்தா விளக்கு பல வருஷமாக எரியாத அந்தக் கட்டடத்தில் இந்தப் பல்பு மட்டும் இரவு பகலாக எரிந்தது. கிண்ணத்தில் தண்ணீர் குறைந்தால் காவலாளிக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. தன் குடிநீரை ஊற்றி அவர் அதைச் சரிக்கட்டினார்.

முட்டையிலிருந்த குறிகள் வேறு அவர்களைக் கலக்கிவிட்டன. ஆய்வாளர் எழுதியதில் பெருக்கல் குறி இருந்தது. எழுத்தர் தற்செயலாக ஒன்றைக் கையில் எடுத்தபோது அடியில் வட்டம் இருந்தது. அடையாளம் இரண்டு இருந்தால் இரண்டும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா? ஆகவே காலையில் பெருக்கல் குறி மேலே தெரிய வைத்துச் சரிபார்ப்பது, மாலையில் வட்டம் மேலே தெரிய வைத்துச் சரிபார்ப்பது என்று உத்தரவாயிற்று. எழுத்தர் நாள் தவறாமல் காலையும் மாலையும் பன்னிரண்டையும் திருப்பினார். குஞ்சு வெளியே வருவதற்கு முந்தைய மூன்று நாள் முட்டைகளைத் தொடவே கூடாது என்பார்கள். அந்த மூன்று நாளும் அரசு விடுமுறை.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தபோது, அவை வெளியே வந்து சொல்லிக்கொண்டிருந்தன. பத்துக் குஞ்சுகள். இரண்டு முட்டைகள் ஒத்துழைக்கவில்லை என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். பார்க்கலாம் முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நாங்க கைப்பற்றினது முட்டை. இதுங்களை நாங்க கைப்பற்றவே இல்லை. சம்பந்தமில்லாத ஜீவன்கள் அலுவலகத்துக்குள்ள எப்படி வரலாம்? உடனே வெளியேத்துங்க!"

அந்த அம்மாள் பத்தையும் கம்பளியில் வாரிக்கொண்டு, ஆனந்தக் கண்ணீரோடு வெளியேறினார். பெட்டியும் ஓடுகளும் ஆதாரத்துக்காக அங்கேயே இருந்தன.

செய்தி தெரு முழுக்கப் பரவியது. ஒரு வாரத்தில் தையல்காரர் தன் கடையில் 'இங்கே முட்டை பொரித்துத் தரப்படும்' என்று பலகை மாட்டினார். அடுத்து முடிவெட்டுபவர். அடுத்து டியூஷன் டீச்சர். எல்லார் வாசலிலும் பலகை, பக்கத்தில் தெர்மோகோல் பெட்டி, உள்ளே பல்பு. பெட்டிகள் சூடு தாங்குமா என்று யாரும் பார்க்கவில்லை. ஆய்வாளர் வரும் நேரத்தில் எரிந்தால் போதும். கண்ணாடி வெட்டி என் கை ஓய்ந்துபோயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு டஜன் வாத்து முட்டை வாங்கி, என் வாசலிலும் பலகை மாட்டிவிட்டு ஆய்வாளருக்காகக் காத்திருந்தேன். அவரும் வந்து ஒவ்வொரு பெட்டியாகக் கைப்பற்றிக்கொண்டு போனார்.

அலுவலகத்தில் பொரித்த கோழி என்றால் தனி மரியாதை வந்துவிட்டது. "இது சாதாரணக் கோழி இல்லே, ஆபீஸ்ல பொரிச்சது" என்பார்கள். கூப்பிட்டால் வராது, பத்து மணிக்கு முன்னால் கூட்டை விட்டு இறங்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ரேடியோக்காரர் மட்டும் சும்மா இருக்காமல் பழையதைவிட நல்ல பெட்டி ஒன்று செய்து முடித்தார். சூடு ஒரு டிகிரி கூட ஏறாது இறங்காது. அவர் மனைவியோ விலைக்கு வாங்கிய இரண்டாவது ஈட்டு முட்டைகளை அலுவலகத்துக்குத்தான் கொடுத்திருந்தார்.

இந்த நிலையில் எங்கள் போதாத காலம், பார்க்கலாமுக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்தில் ஒரு சின்ன வயசுக்காரர் வந்தார். வந்த அன்றே எல்லாப் பெட்டிகளையும் பார்த்தார். அன்றே விசாரித்தார். அன்றே எங்களைக் கூப்பிட்டார்.

"ரொம்ப மன்னிக்கணும். இது குஞ்சு பொரிக்கிற பெட்டி. எங்க துறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாருக்கும் வீட்டுலேயே வெச்சுக்க அனுமதி எழுதிட்டேன். முட்டைகளை இப்பவே எடுத்துட்டுப் போகலாம். சாக்கடை அடைப்பையும் நாளைக்கே எடுத்துடுவாங்க."

வெளியே வந்து மரத்தடியில் கூடினோம்.

"என்ன மனுஷன் இவரு? மூணு வாரம் பொறுக்கக் கூடாது?" என்றார் தையல்காரர்.

"கரண்டுக்கு யாரு குடுக்கிறது? காலையும் சாயங்காலமும் யாரு திருப்பறது?" என்றார் டீச்சர்.

ரேடியோக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம புதுப் பெட்டி இருக்கே. அதுல வைக்கலாமே."

அவர் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பெட்டியிலயா? வேண்டாங்க. ஆபீஸ்ல வெச்ச மாதிரி வருமா?"

ரேடியோக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அங்கேயே எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதுதான். புதிய அதிகாரி வேலைகளை உடனுக்குடன் முடித்துப் பொதுமக்களுக்குச் சொல்லொணாத் துயரம் விளைவிப்பதால், தாமதத்தில் அனுபவமுள்ள ஒருவரை நியமிக்கும்படி கேட்டிருந்தோம். அந்த மனுவையும் அவர் நின்ற நிலையிலேயே படித்து, அந்த நிமிஷமே நிராகரித்து, பதிலைக் கையோடு கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது?

தெருவிலுள்ள முட்டைகள் எல்லாம் இப்போது என் கடை மேசைமேல் இருக்கின்றன. தொட்டால் சில்லென்று ஆகிக்கொண்டு வருகின்றன. ரேடியோக்காரரின் புதுப் பெட்டியும் பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. அதன் சுவிட்சைப் போட ஓர் ஆளை அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்.