அறையைக் காக்க வந்த ஜோடி

ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஓரத்து அறை ஒன்றுதான். அதில் ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அதில் சாய்ந்தால்தான், கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு மனுஷனாக இருந்தேன் என்பது நினைவுக்கு வரும். அந்த அறையைத்தான் என் மனைவி தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தாள். அவனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். வேலை கிடைத்தால் சம்பளம் வரும், சம்பளம் வந்தால் வாடகை கொடுக்கலாம் என்ற விஷயம் அவர்கள் பரம்பரையில் யாருக்கும் தெரியாது.

நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்லும் தைரியம் எனக்கு உண்டு. ஆபீசில். வீட்டில் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

வழி காட்டியவர் எங்கள் ஆபீஸ் கணக்கர். வீட்டில் ஜெர்பில் வளர்க்கிறார். எலியைவிடக் கொஞ்சம் அழகு, அணிலைவிடக் கொஞ்சம் மக்கு; வால் நுனியில் ஒரு குஞ்சம். "பயந்த பிராணி சார். புது ஆள் நடமாட்டம் இருந்தா சிலதுக்கு வலிப்பே வந்துடும்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே ஒரு ஜோடி கேட்டு வாங்கினேன். வேறு வேறு வயிற்றில் பிறந்தவை. கூடப்பிறந்ததுகளைச் சேர்த்து வைத்தால் குட்டி நோஞ்சானாகப் போகுமாம். கூடப்பிறந்ததுகளை ஒரே கூரைக்குக் கீழே வைப்பது கெடுதல் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

கூண்டைச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எலி?"

"ஜெர்பில்."

"எலிதானே?"

"இனப்பெருக்கம் பண்ணப் போறேன். இனிமே இந்த ரூம்ல வேற ஆள் தங்கக் கூடாது. பயந்தா வலிப்பு வரும். குட்டி போட்டிருக்கிறப்ப சத்தம் கேட்டா தாயே குட்டியைத் தின்னாலும் தின்னுடும். சளி பிடிச்சவங்க வந்தா அதுக்கும் தொத்திக்கும்."

"உங்களுக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றாள். கல்யாணமானதிலிருந்து இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "சரி, தம்பிய வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு ராஜா மாதிரி இருந்தேன். பெண் ஜெர்பிலின் வயிறு பக்கவாட்டில் உப்பியது. "முதல் பிரசவம். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்றாள் மனைவி. என்ன கரிசனம் என்று நான் உருகிப்போனேன். மிருக டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார்.

"இந்த ரூம்ல யாருங்க இருக்கிறது?"

"இவர்தாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குவார்" என்றாள் மனைவி.

"குறட்டை?"

"தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டோம்னு பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வருவாங்க."

"சளி?"

"வருஷம் முழுக்க."

டாக்டரம்மா என்னைக் கிருமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "முதல்ல இவர் வெளியே போகணும். ஆணையும் பிரிச்சு வெளியே வைங்க. இல்லேன்னா குட்டி போட்ட கையோட மறுபடியும் சினை பிடிச்சுடும், தாய் உடம்பு தாங்காது. சத்தம் போடாத ஆளா ஒருத்தர் இங்கேயே இருந்து பார்த்துக்கிட்டா நல்லது."

"புது ஆள் வந்தா வலிப்பு வரும்னு..." என்று இழுத்தேன்.

"புது ஆள் அதுக்குப் பழகிடும். குறட்டைதான் பழகாது."

"சத்தமே போடாத ஆளுக்கு நான் எங்கங்க போவேன்?" என்று கவலைப்பட்டாள் மனைவி. பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்தவள்போல, "என் தம்பி வாயே திறக்க மாட்டான்" என்றாள்.

உண்மைதான். சாப்பாட்டுக்குத் தவிர அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அதுவரை வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்ட டாக்டரம்மா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் மனைவியின் தோளில் தட்டி, "வரட்டுமாடி? அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்றார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சாம்.

"சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க கேக்கலையே. நீங்க சொன்னதைத்தானே அவளும் சொன்னா."

டாக்டரம்மாவின் வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் மைத்துனன் பெட்டியோடு வந்து நின்றான். தெருமுனையில்தான் காத்திருந்திருப்பான். நேரே உள்ளே போய் என் நாற்காலியில் சாய்ந்தான். ஆண் ஜெர்பிலின் கூண்டு ஹாலுக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"தனியா இருந்தா இது ஏங்கிப் போயிடும். நீங்க துணைக்கு இருங்க" என்றாள் மனைவி.

"என் குறட்டையும் சளியும் இதுக்கு மட்டும் ஆகுமா?"

"ஆம்பளைதானே, தாங்கிக்கும்."

ஜெர்பிலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். கடித்துத் தேய்க்க அதற்கு ஒரு அட்டைப்பெட்டி போட்டிருக்கிறாள். நான் என் பல்லையே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.