மாப்பிள்ளையின் ஆறு நிமிடம்

"இருநூத்தி அறுபது மீட்டரா? போன வாரம் முந்நூறு நடந்தானே!"

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு பின்பக்கத்தில் ஒளிந்திருக்குமோ என்கிற மாதிரி. அளவுக்காரர் தலைகுனிந்து நின்றார். அவர் காலடியில், தசைநோய் கண்ட நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நடையில் இருக்கும் நிதானத்துக்காக எல்லோரும் அதை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கால்நடை மருத்துவமனையின் நீண்ட கூடத்தில் வாரம் ஒருமுறை மாப்பிள்ளையின் முதுகில் சின்னக் கருவியைக் கட்டி, கயிற்றைப் பிடித்தபடி ஆறு நிமிடம் கூடவே நடப்பது அளவுக்காரரின் வேலை. எவ்வளவு தூரம், எத்தனை முறை நின்றது என்று கருவி சொல்லிவிடும். புதிய மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

"இருநூறுக்குக் கீழே போனா மருந்தை நிறுத்தணும். இவனுக்குக் குடுக்க வேற மருந்தும் கிடையாது," என்றார் டாக்டரம்மா.

  

அடுத்த வாரம் அளவுக்காரர் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளை சட்டைப்பைக்கு எதிரே சம்மணமிடாத குறையாக உட்கார்ந்துவிட்டது. இருநூற்று நாற்பது.

பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டினார். தினமும் காலையில் கூடத்தில் இருபது சுற்று.

தரை துடைக்கும் அம்மாள் துடைப்பானை ஊன்றி நின்றாள். "துடைச்ச இடத்துலயே இருபது தடவையா? பயிற்சி தரைக்கா, நாய்க்கா அண்ணே?"

"நாய்க்கும்மா."

"கேட்டுச்சா அது?"

அந்த வார அளவு இருநூற்றுப் பதினைந்து. பத்தடிக்கு ஒருமுறை மாப்பிள்ளை நின்று, கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தது. 'முடியலப்பா' என்று அந்தக் கண்கள் சொல்வதாகப் பட்டது.  சாயங்காலமும் இருபது சுற்று சேர்த்தார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடியே தூங்கிவிழுந்தார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளைக்கு நடை குறைஞ்சுக்கிட்டே போகுது."

"நம்ம பொண்ணைக் கட்டின மாப்பிள்ளை ஒருத்தர் இருக்காரே, அவரை என்னைக்காவது இவ்வளவு அக்கறையா விசாரிச்சீங்களா?"

"அவரு நல்லாத்தானே நடக்குறாரு."

மருந்தைத் தொடர்வதா என்று முடிவெடுக்கக் கடைசியாக அளக்கும் நாள் வந்தது. தசை சூடாகட்டுமே என்று அளப்பதற்கு முன்பே பதினைந்து சுற்று நடத்திவிட்டார். பிறகு கருவியைக் கட்டினார். டாக்டரம்மா கையில் கடிகாரத்தோடு கூடத்தின் கோடியில் நின்றார்.

ஆறு நிமிடம் முடிந்தது.

நூற்றெண்பது. இருபத்து மூன்று முறை நின்றிருக்கிறது.

 டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "நீங்க உங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சீங்க. மருந்தை நிறுத்திடலாம்."

அளவுக்காரர் சுவரில் சாய்ந்து, மாப்பிள்ளையின் தலையைத் தடவினார். 

வாளியைத் தூக்கிக்கொண்டு கடந்துபோன தரை துடைக்கும் அம்மாள் நின்றாள்.

"மருந்தை ஏன் டாக்டரம்மா நிறுத்தறீங்க? முதல்ல கயிறு பிடிக்கிற ஆளை மாத்துங்க. இவரு மூச்சு வாங்கி நிக்கிறப்பல்லாம் அந்த வாயில்லா ஜீவன் திரும்பிப் பாத்து, இவரு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குது!"