அனுப்பாத செய்தியில் ஒரு பேரம்

அன்று காலை முடிவெடுத்துவிட்டேன்: என் முன்னறையை இனி ஒருவனும் தொட முடியாது!

எங்கள் வீட்டில் எல்லா முடிவும் குடும்ப குரூப்பில்தான். யாராவது ஒரு யோசனை போடுவார்கள். மத்தியானம் பன்னிரண்டுக்குள் வேண்டாமென்று எழுதாதவர் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. என் ஆபீஸிலோ வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் குரூப் திறக்காது. ஆகவே வருஷக்கணக்கில் எல்லாவற்றுக்கும் நான் ஒப்புக்கொண்டு வருகிறேன். என் சைக்கிள் அப்படித்தான் போனது. மீசையும்.

அன்று மச்சினன் போட்ட யோசனை: முன்னறையிலிருந்து என் சாய்வு நாற்காலியைத் தூக்கிவிட்டு, அவனுடைய உடற்பயிற்சி இரும்பையெல்லாம் இறக்குவது. வாசலில் படித்தேன். பதில் எழுதுவதற்குள் காவலாளி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

விடுவேனா? மூட்டை தூக்கி, பேரம் பேசியே கொள்முதல் அதிகாரி ஆனவன் நான். ஆபீஸ் கம்ப்யூட்டர்காரனைப் பிடித்தேன். ஒரு வாரத்துக்கு என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டான். ஒரு வேளைக்குப் படிய வைத்தேன். என் மேஜையிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்க வழி பண்ணிக் கொடுத்தான். அதில் குரூப் எப்போதும் திறந்தேதான் கிடக்கும்.

"முடியவே முடியாது! என் அறை, என் நாற்..." என்று அடித்தேன். எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. செய்தி அடிக்கும் அதே கட்டத்துக்குள் வேறு எழுத்து ஓடியது.

"யாருங்க அது, நீங்களா?"

என் மனைவி! வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதை அழித்து எழுதினேன்.

"நான்தான். கைய எடு!"

"கத்தாதீங்க."

"எங்கடி கத்தினேன்? டைப்தானே அடிக்கிறேன்!"

"அடிக்கிற அடியிலயே தெரியுது. சரி, பாதி ரூம் குடுங்க."

பேரம்! ஒரு தட்டு தட்டி என் மறுப்பை அனுப்பியிருக்கலாம். பேரம் என்று வந்தபின் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

"கால்வாசிதான்."

"நாற்காலி?"

"ஜன்னலோரம். ஃபேனுக்கு நேர் கீழ."

"ஐயோ, அடாவடிங்க நீங்க. இருங்க, யோசிக்கிறேன்."

யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். நான் அசையவில்லை. முதலில் அவசரப்படுகிறவன் தோற்பான். என் தொழிலே அதுதான்.

"சரிங்க, நீங்க ஜெயிச்சிட்டீங்க. கால்வாசிதான்."

நெஞ்சு நிமிர்ந்தது. "அப்ப அதை குரூப்ல போடு!"

"இனி எதுக்குங்க? மணியைப் பாருங்க."

பன்னிரண்டு தாண்டியிருந்தது. நாங்கள் பேசியதில் ஒரு எழுத்துகூட குரூப்புக்குப் போகவில்லை. மச்சினன் போட்டிருந்தான்: "அத்தானுக்கும் சம்மதம். பெரிய மனசு!"

அன்று மாலையே உடற்பயிற்சியை நான்தான் தொடங்கி வைத்தேன்: மூன்று மாடி, என் தோளில் அவன் இரும்பு.