பொறுமைசாலியிடம் வாங்கிய ரேடியோ

இனிமேல் இந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்காமல் இணைய ஏலத்தில் பழைய சாமான் எடுக்கக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தேன். காரணம் என் மைத்துனன். ஏலத்தில் கேமரா எடுத்தான். பெட்டியைப் பிரித்தால் உள்ளே குளியலறைச் சுவரில் பதிக்கிற ஓடு. அதுவும் உடைந்த பாதி. "கனம் சரியாத்தான் இருந்துச்சு அத்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றான். இந்த மூளையை வைத்துக்கொண்டு அவன் எப்படித் தினமும் ரோட்டைக் கடக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் அப்படியா? குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஒரு நாளைக்கு நானூறு குழாயைத் தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நாற்பதைத் தூக்கி எறிகிறவன். உடனே ஏழு விதிகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். விற்பவருக்கு மற்றவர்கள் தந்த மதிப்பீட்டைப் படி. படத்தைப் பெரிதாக்கிப் பார். அன்றைய தேதி எழுதிய சீட்டைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் புதுப் படம் கேள். தளத்துக்கு வெளியே கொடுக்கல் வாங்கல் வைக்காதே. கூரியர்காரர் எதிரிலேயே பார்சலைப் பிரி. மீதி இரண்டும் மைத்துனனைப் பற்றியவை.

என் மனைவி முழுவதையும் படித்தாள். பிறகு, பின்னறையை எப்போது காலி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

பின்னறையில் நான் ஏலத்தில் எடுத்த சாமான்கள் இருந்தன. அங்கே தையல் மெஷின் போட்டு நாலு பேருக்குத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். நானும் சளைக்காமல் மறுத்து வருகிறேன். உண்மையைச் சொன்னால் நானே அந்த அறைக்குள் போவதில்லை. தூசு பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. வாங்குவது நான், கொண்டுபோய் உள்ளே வைப்பது அவள்.

"அதெல்லாம் விலை மதிப்புள்ள சாமான். உன் மெஷினுக்கு ஹால்ல ஒரு மூலை போதாதா?" என்றேன்.

"ஒரே ஒரு தடவை நீங்க ஏமாந்தா ரூம் எனக்கு. சம்மதமா?"

"ஏமாந்தா தானே? எடுத்துக்கோ."

அதையே எட்டாவது விதியாக அடியில் எழுதிவைத்தாள்.

அடுத்த வாரமே அந்த ரேடியோ கண்ணில் பட்டது. பழைய மரப்பெட்டி ரேடியோ. இதே மாதிரி ஒன்று ஏற்கெனவே என்னிடம், பின்னறையில், இருக்கிறது. ஜோடியாக வைத்தால் மதிப்பே தனி. படத்தைப் பெரிதாக்கினேன். இடது மூலையில் பிறை மாதிரி ஒரு கீறல். என் ரேடியோவிலும் அதே மூலையில் அதே கீறல் உண்டு. மைத்துனனாக இருந்தால் குழம்பிப்போயிருப்பான். நான் யோசித்தேன். இரண்டு ரேடியோவில் ஒரே இடத்தில் ஒரே கீறல் என்றால் அது கீறலே இல்லை, கம்பெனி போட்ட அடையாளம். அசல் சரக்குதான்.

விற்பவர் வைத்துக்கொண்ட பெயர் 'பொறுமைசாலி'. அறுபத்து மூன்று பேர் மதிப்பீடு தந்திருந்தார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கும் என்று முடிவு செய்தேன். 'கழுகு' என்ற என் பெயரில் பதினேழு கேள்வி அனுப்பினேன். பதினேழுக்கும் பதில் வந்தது. தேதிச் சீட்டோடு படம் கேட்டேன், பத்தே நிமிஷத்தில் வந்தது. சீட்டில் இருந்த கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. என் சட்டைப் பையில் மனைவி எழுதித் தந்த மளிகைச் சீட்டு கிடந்தது. அதைத் திருப்பி, 'கையெழுத்து: நேர்மையானது' என்று குறித்துக்கொண்டேன்.

கடைசி நிமிஷத்தில் யாரோ ஒருத்தன் குறுக்கே வந்து விலையை ஏற்றினான். விடுவேனா? நான் முதல் ரேடியோவுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கில் அவனை மண்ணைக் கவ்வ வைத்தேன். பொருள் வாங்குவது எப்படி என்று பார்த்துக் கற்றுக்கொள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை சாயந்திரம் பார்சல் வந்தது. விதிப்படி கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்து, ஒவ்வொரு ஒட்டுநாடாவாகப் பிரித்தேன். அவர் கால் மாற்றிக் கால் நின்று பார்த்தார்.

"எவ்வளவு நேரம் சார்? காலைல இதே வாசல்ல அம்மாதான் இந்தப் பெட்டியை என்கிட்ட குடுத்தாங்க. உள்ள என்ன இருக்குன்னு அவங்களையே கேட்டுக்கங்களேன்."

நான் திரும்பினேன். மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள்.

"பொறுமைசாலி நீயா?"

"ரெண்டு வருஷமா."

"வீட்டுக்குள்ள இருக்கறதை என் கையிலயே குடுத்திருக்கலாமே?"

"தளத்துக்கு வெளியே கொடுக்கல் வாங்கல் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

கடைசி நாடாவையும் பிய்த்து, பிறைக் கீறலைத் தொட்டுக் காட்டினேன். "என் ரேடியோவை எனக்கே வித்து ஏமாத்தியிருக்கே."

"ஏமாந்துட்டேன்னு சொல்றீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எட்டாவது விதி இருக்கு."

யோசித்தேன். ஏமாந்தேன் என்றால் அறை போகும், மைத்துனன் காதுக்கும் போகும். இல்லை என்றால் பணம்தான் போகும். மானம் பெரிது.

"ஏமாறலை. படத்துல இருந்த பொருள்தான் வந்திருக்கு" என்றேன்.

"அப்ப பணம் எனக்கு. மறக்காம அஞ்சு நட்சத்திரம் போட்டுடுங்க."

"போட்டுடுங்க சார்" என்றார் கூரியர்காரர். இப்போது அவருக்கு அவசரமே இல்லை.

போட்டேன். எப்படியோ அறை தப்பியதே என்ற நிம்மதியில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி பின்னறைக் கதவைத் தள்ளினேன். தும்மல் வரவில்லை. தூசு இல்லை. என் சாமான் ஒன்றுகூட இல்லை. நடுவில் தையல் மெஷின். பக்கத்தில் துணி வெட்டும் மேசை. கொடியில் பள்ளிச் சீருடைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு குத்தி, அதே முத்து முத்தான கையெழுத்தில். அந்த அறுபத்து மூன்று மதிப்பீடும் எந்தெந்தச் சாமானுக்கு வந்தவை என்று அப்போதுதான் உறைத்தது.

"ரேடியோவுக்கு ஹால்ல ஒரு மூலை போதும்ல?" என்று கேட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

என் போன் சிணுங்கியது. வாங்கியவரைப் பற்றி விற்றவர் மதிப்பீடு எழுதியிருக்கிறார் என்றது தளம். திறந்தேன்.

'பணம் உடனே அனுப்பினார். பதினேழு கேள்வி கேட்டார். தன் பின்னறையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. இவருக்கு மீண்டும் விற்கத் தயார்.'