ரத்தம் பார்க்கும் கல்

லாரி நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை டீசல் பம்ப்பைத் தாண்டிவிட்டது. டீசலுக்கு நின்றிருந்தாலாவது வண்டி ஓடும். இது ஊசல் மகானைப் பார்க்க நின்ற வரிசை.

மகானிடம் ஒரு சங்கிலி இருந்தது. அதன் நுனியில் ஒரு கறுப்புக் கல். ஓட்டுநர்கள் தாங்கள் பழகப்போகும் பெண்ணின் படத்தைக் கைபேசியில் காட்டுவார்கள். மகான் படத்துக்கு மேலே கல்லைத் தொங்கவிடுவார். வட்டமடித்தால் அவளுக்கு எச்.ஐ.வி. இல்லை. நேராக ஆடினால் உண்டு. வேலை முடிந்தது! உலகத்து ஆய்வகங்களை எல்லாம் இழுத்து மூடிவிட்டு ஆளுக்கொரு சங்கிலி வாங்கிக்கொள்ளலாம்.

படத்தில் ஏது ரத்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணின் படத்தை மட்டும் பார்க்கிறாரே, நம்மைப் பார்க்க வேண்டாமா என்றும் கேட்கவில்லை. ஆண்பிள்ளை ரத்தம் பிறவியிலேயே வடிகட்டி வருகிறது போலும்.

வரிசையின் நடுவில் நின்றவனுக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். அவன் ரகசியம் பேசினாலே நாலு வண்டி வழிவிடும். அன்று அவன் வாயே திறக்கவில்லை. காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சரக்கு இறக்கிய ஊரில் ஒரு பெண்ணோடு இருந்துவிட்டு வந்திருந்தான். அதற்கு முன் மகான் கல்லை ஆட்டி, "வட்டம்! தைரியமா போ" என்று சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் ஆணுறை சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நாளைக்கு வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே மனைவி இருக்கிறாள். கல்லை இன்னொரு தடவை ஆட்டச் சொல்லிக் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் போகலாம் என்று வந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து பஞ்சர் கடைக்காரர் வரிசையை வெட்டிக்கொண்டு முன்னால் போனார். ஆள் வாட்டசாட்டம். லாரி டயரை ஒற்றை ஆளாகப் புரட்டுவார்.

"மகானே, படமெல்லாம் எதுக்கு? ஆளே வந்திருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

மகான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். கல் ஜோராக வட்டமடித்தது.

"சொக்கத் தங்கம்யா உன் ரத்தம்!"

பஞ்சர்காரர் பையிலிருந்து மருத்துவமனை அட்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஒன்பது வருஷமா மாத்திரை சாப்பிடறேன்."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. தொட்டால் தொற்றாது, பக்கத்தில் நின்றால் தொற்றாது என்பதெல்லாம் அவர்கள் கால்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மகான் லேசுப்பட்டவரா? "அதான் மருந்து சாப்பிடறியே! மருந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிடுச்சு. கல்லு சரியாத்தான் சொல்லியிருக்கு!"

"ஆமால்ல!" என்றது கூட்டம், இரண்டடி முன்னால் வந்து.

"மருந்தை ஒழுங்கா சாப்பிட்டு, கிருமி டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் குறைஞ்சா, உறவுல அடுத்தவங்களுக்குத் தொத்தாதுங்கறது உண்மைதான். ஆனா கிருமி என்னை விட்டுப் போயிடலையே. அதையும் ரத்தத்தை எடுத்துப் பாத்துத்தான் சொன்னாங்க, சங்கிலி ஆட்டி இல்ல. சரி, இன்னொண்ணு பாப்போம். தார்ப்பாயைப் பிடிங்கப்பா!"

இரண்டு பேர் தார்ப்பாயைத் திரையாகப் பிடித்தார்கள். நடுவில் கை நுழையும் அளவு கிழிசல். உள்ளேயிருந்து யார் கை வருகிறது என்று மகானுக்குத் தெரியாது. நீட்டுகிற கையைப் பார்த்து மகான் சொல்லவேண்டும்.

"யாரு வர்றீங்க?"

"நான் வர்றேன்" என்றான் ஹாரன். கல் ஜெயித்தாக வேண்டும். கல் தோற்றால் அவன் கதி என்ன? அவன் பின்னாலேயே பஞ்சர்காரரும் இன்னும் மூன்று பேரும் திரைக்குள் போனார்கள்.

பஞ்சர்காரர் ஹாரனின் வலது கையைப் பிடித்துக் கிழிசலுக்கு வெளியே விட்டார். ஏற்கெனவே சூடுபட்ட மகான் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. கல் நேராக ஆடியது.

"ஐயோ, கெட்டுப்போன ரத்தம்! முத்திப்போச்சு!"

ஹாரன் கையை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டான். பஞ்சர்காரர் அவசரமே இல்லாமல் அவனுடைய இடது கையை எடுத்து வெளியே விட்டார்.

"இது சுத்தம்! பச்சைக் குழந்தை ரத்தம்!"

தார்ப்பாய் இறங்கியது. வெளியே வந்த இரண்டு கையும் ஹாரனுடையவைதான் என்று பஞ்சர்காரர் அவற்றைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டம் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கிளீனர் ஒருவர் கேட்டார்: "ஏன் மகானே, ரத்தம் எந்த இடத்துல ரூட் மாறுது? தொப்புள்கிட்டயா?"

சிரிப்பு வெடித்தது. மகான் விளக்கத்துக்கு நிற்கவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, போகிற முதல் வண்டியில் தொற்றி ஏறினார். எந்த ஊருக்கு என்றுகூடக் கேட்கவில்லை.

ஹாரன் மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சர்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நேத்து சாயங்காலம்... கல்லு சொல்லுச்சுன்னு... உறை போடல."

"மூஞ்சைப் பாத்தா டியூப்ல ஓட்டை தெரியுமாடா? தண்ணியில முக்கினாத்தானே தெரியும்! மனுஷனுக்கு ரத்தப் பரிசோதனைதான் தண்ணித் தொட்டி. அந்தப் பொண்ணுக்கு இருக்குன்னு நான் சொல்லல. உனக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாம இருக்கலாம். தெரியாததாலதான் உறை போடச் சொல்றாங்க."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"நடந்து மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சா தடுப்பு மாத்திரை இருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இருபத்தெட்டு நாள், ஒருநாள் விடக்கூடாது. அப்புறம் அவங்க சொல்ற தேதியில டெஸ்ட். எல்லாம் முடியற வரைக்கும் வீட்லயும் உறை. ஓடு!"

ஓடினான். மருத்துவமனையில் யாரும் அவனைத் திட்டவில்லை. ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டான். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். அவள் உடம்பும் இதில் இருக்கிறது என்று தோன்றியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் குரல் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்கவில்லை.

 அவள் அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஒரு சந்தேகம் கேக்கறேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கை எப்படிப் பாப்பீங்க?"

"மிதிச்சுப் பாப்பேன்."

"கல்லை ஆட்டிப் பாத்ததில்ல?"

"இல்ல."

"இரும்புக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லாம போச்சு. வீட்டுக்கு வாங்க. வரும்போது மாத்திரையோட மூளையையும் எடுத்துட்டு வாங்க."