கிருமிக்குக் காவல்

பால் பாலாகவே இருந்தது.

அவர் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். எட்டு மணி நேரத்தில் கெட்டித் தயிராகியிருக்க வேண்டியது, தளதளவென்று தளும்பியது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. மனைவி.

"உறை எப்படி இருக்கு?"

"சௌக்கியமா இருக்கு."

"சாகடிச்சிடாதீங்க. உங்க கைராசி அப்படி."

கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. மருத்துவமனையின் கிருமி நீக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாகக் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் நூற்று முப்பத்துநாலு டிகிரி நீராவியில் குளிப்பாட்டி அனுப்புகிறவர். ஒரு கிருமியும் அவரிடமிருந்து தப்பியதில்லை. தங்கை வீட்டுக்குப் போன மனைவி ஒரு வாரத்துக்கு ஒப்படைத்த வேலையோ நேர்மாறானது. கிருமிகள் உயிரோடு இருக்க வேண்டும்.

போன வருடம் காய்ச்சலுக்காக அவள் விழுங்கிய மாத்திரைகள், கெட்ட கிருமிகளோடு குடலில் குடியிருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டன. நான்கு மாதம் எதைத் தின்றாலும் வயிறு கலங்கியது. வேலைக்குப் போகவே பயந்தாள். கடைத் தயிர்களெல்லாம் தோற்று, கடைசியில் தோழி கொடுத்த உறையில் தோய்த்த தயிர்தான் ஒத்துக்கொண்டது. அது செத்தால் அந்த நான்கு மாதம் திரும்பி வரும்.

எங்கே தப்பு? கிண்ணத்தைக் கொதிக்க வைத்தார். சரி. கரண்டியைத் தீயில் காட்டினார். சரி. அதே சூட்டோடு உறைக்குள் விட்டார்.

"அட கடவுளே!"

தயிர்க் கிருமிக்கு வேண்டியது குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர்ச் சூடு. அந்த இதத்தில் அது பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை வெளியே விடும். புளிப்பு ஏற ஏறப் பால் இறுகும். பழுக்கக் காய்ந்த கரண்டியைப் பார்த்தால் தின்பதற்கு எவன் இருப்பான்?

மனைவி விட்டுப் போன உறைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி உறை பிழைத்துக் கிடந்தது. அதை டப்பாவில் பாலோடு கலந்து மருத்துவமனைக்கே எடுத்துப் போனார். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கவென்றே வெதுவெதுப்பான பெட்டி ஒன்று உண்டு. டப்பாவைத் தன் மேசையில் வைத்துவிட்டு அங்கே கேட்கப் போனார்.

"சார், அதுக்குள்ள ஊரார் சளியெல்லாம் வளருது. பக்கத்துல உங்க தயிரா?" என்று ஆய்வகப் பெண் கதவைச் சாத்தினாள்.

மேசைக்குத் திரும்பினால் டப்பாவைக் காணோம்.

"இங்க இருந்த டப்பா எங்கம்மா?"

"சீட்டு ஒட்டலையே சார்," என்றாள் உதவியாளர். "சீட்டு இல்லாதது எதுவானாலும் நேரா நீராவிக்குள்ள போகணும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? இப்பப் பாருங்க, ஒரு கிருமி இருக்காது."

அவருடைய இருபத்திரண்டு வருட உழைப்பில் இவ்வளவு நன்றாகப் பாடம் படித்தவர் வேறு யாருமில்லை.

மருந்துக்கடைக்காரர், "ஒரு மாத்திரையில இருநூறு கோடி கிருமி சார்," என்று நல்ல கிருமி மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆறு மாத்திரையைப் பிரித்துப் பாலில் கொட்டினார். மறுநாள் காலையில் ஆயிரத்து இருநூறு கோடியும் சும்மா உட்கார்ந்திருந்தன. பால் மட்டும் நாறியது.

"அதைப் பால்ல போட்டீங்களா?" கடைக்காரர் சிரித்தார். "இது குடலுக்குள்ள போய் வேலை செய்யற ரகம். பாலைத் தோய்க்கறது வேற ரகம். பஸ் ஓட்டறவரை ரயில்ல உட்கார வச்சா ஓட்டுவாரா?"

தோழியிடம் கேட்கலாம். ஆனால் கேட்ட மறு நிமிடம் மனைவிக்குச் செய்தி போய்விடும். வேறு வழியில்லாமல் மாடி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கிருமியைக் கொல்றவர் கிருமி கடன் கேட்டு வந்திருக்காரு!" மாடி வீட்டுக்காரர் உள்ளே திரும்பி மனைவிக்குக் கேட்கச் சொன்னார். "ஒரு கரண்டி போதுமா சார், இல்ல தவணை முறையில வாங்கிக்கறீங்களா?"

இந்த முறை வெப்பமானி வைத்து அளந்தார். கரண்டியை ஆறவிட்டார். கிண்ணத்தைப் போர்வையால் சுற்றி அசையாமல் வைத்தார். தயிர் கல் போல உறைந்தது. ஆனால் அது தோழி கொடுத்த உறை இல்லை.

சனிக்கிழமை காலை மனைவியைச் சகலை காரில் கொண்டுவந்து விட்டார். அவள் நேராகக் கிண்ணத்தைத் திறந்து, விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, உயிரோட இருக்கே!"

"ம்."

"குளிச்சிட்டு வந்து சாப்பிடறேன்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வந்து சாப்பிடுவாள். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் வயிறு கலங்கி நிற்பாள். அவரால் தாங்க முடியவில்லை. பையோடு சமையலறைக்குள் வந்த சகலையிடம் கரண்டி, நீராவி, மாத்திரை, மாடி வீடு என்று அத்தனையையும் கொட்டிவிட்டார்.

"அவ வெளிய வந்ததும் சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன். அதைச் சாப்பிட விட மாட்டேன்."

சகலை சிரிப்பை அடக்கிக்கொண்டு பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார்.

"முதல்ல இதை பிரிட்ஜுல வைங்கண்ணே. உங்க மனசு நோகக்கூடாதேன்னு உங்ககிட்ட கடைத் தயிரை விட்டுட்டு, அண்ணி அசல் உறையைக் கையோட எங்க வீட்டுக்கே கொண்டு வந்துட்டாங்க!"