சுற்றிலும் ஒரே பள்ளம்

ஒரு காட்டில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. அதை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கரடியின் மரம் கடையும் லேத் பட்டறை வாசலில். வாய் நிறைய ஒரு மரக்கட்டை, வால் நுனியில் ஒரு டோக்கன். வரிசையில் அது ஒன்றே ஏழு பேர் இடத்தைப் பிடித்திருந்தது. பின்னால் நின்ற மயில்கூட முணுமுணுக்கவில்லை.

இந்தக் கதை ஒரு முயலிடமிருந்து தொடங்குகிறது.

முயலுக்கு நான்கு குட்டிகள். அவற்றின் தாயை மாசி மாதம் அந்தப் பாம்புதான் விழுங்கியது. இனி புல் மேயப் போகும்போது குட்டிகளை வளைக்குள் விட்டு, அதன் வாயை ஒரு மர அடைப்பால் மூடிவிடுவது என்று முயல் முடிவு செய்தது. அடைப்பு உருண்டையாக, வளைக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். வெளியே நீளும் பகுதியில், திரும்பி வந்து பிடித்து இழுக்க, ஒரு பக்கம் மட்டும் சிறு பள்ளம் வேண்டும். அவ்வளவுதான் அது கேட்டது.

பட்டறையில் கணினி கீரியின் பொறுப்பு. வேண்டிய பொருளை அது திரையில் முழு உருவமாக, சாலிட் மாடலாக வரையும். ஆனால் லேத்துக்கு முழு உருவம் வேண்டியதில்லை. விளிம்புக் கோடு ஒன்று போதும். கட்டை சுழலச் சுழல, உளி அந்தக் கோட்டின் வழியே போகும். அந்தக் கோட்டைத்தான் புரொஃபைல் என்பார்கள்.

முயலின் மாடல் சரியாகவே இருந்தது. புரொஃபைல் எடுக்கும் நேரத்தில் திரை கேட்டது: ‘உருவத்தைச் சுழற்றி எடுக்கவா, நெடுக வெட்டி எடுக்கவா?’

சுழற்றினால் பள்ளம் கோட்டில் விழாது, அதைப் பிறகு கையால் தனியே செதுக்க வேண்டும்; நேரமாகும். வாசலில் கூட்டம். கீரி வெட்டச் சொன்னது. வெட்டு சரியாகப் பள்ளத்தின் நடுவே விழுந்தது. கோடு நேராக வந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறிப் போனது. சுழலும் கட்டைக்கு ஒரு பக்கம், மறு பக்கம் என்று கிடையாது. அரை மணியில் உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்த அடைப்பு ஒன்று வந்து விழுந்தது.

"ஏனுங்க, பள்ளம் ஒரு பக்கம்தானுங்களே கேட்டேன்?" என்றது முயல்.

"இப்போ எந்தப் பக்கம் வேணாலும் பிடிச்சுக்கலாம். அதுக்குப் போய் அழுவாங்களா?" என்றது கீரி.

கரடி காலிப்பர் வைத்து அளந்தது. "திரையில இருக்கற கோட்டுக்கு ஒரு நூல்கூட விலகல."

"கோடே தப்புங்களே!"

"கோட்டைக் குறை சொல்றதுன்னா திருத்த மனு எழுதணும். உருப்படி யாரு பேருல இருக்கோ, அவங்க கையெழுத்து வேணும். வியாழக்கிழமை வா."

முயலுக்கு அடுத்தபடி வரிசையில் நின்றது மலைப்பாம்பு. சட்டை உரிக்கும்போது உரசிக்கொள்ள ஒரு மர உருளை செய்ய வந்திருந்தது. பட்டறைக்குள் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது என்பது கரடியின் விதி. எனவே அது எட்டி மட்டும் பார்த்தது.

"என்ன மாப்ளே, ஏற்பாடு பலமா இருக்கு?"

"குட்டிங்க இருக்குதுங்க."

"தெரியும். நாலுன்னு அவங்க அம்மா சொல்லுச்சு." பாம்பு பள்ளத்தைச் சுற்றி நாக்கை நீட்டிப் பார்த்தது. "பிடி நல்லா வச்சிருக்காங்க. எனக்குக் கைதான் இல்ல. வாய் இருக்கு."

மறுநாள் முயல் மேயப் போனதும் பாம்பு வளைக்கு வந்தது. பள்ளம் ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் தாடை வழுக்கியிருக்கும். இப்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒரே இழுப்பில் அடைப்பு வந்துவிட்டது. உள்ளே நான்கு குட்டிகள் விழித்துக்கொண்டு நின்றன.

பாம்பு கட்டையைத் துப்பப் பார்த்தது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கவ்வியதை வெளியே விட அவற்றுக்குத் தெரியாது. விழுங்கப் பார்த்தது. முயல் நசுங்கும், மரம் நசுங்காது.

திரும்பி வந்த முயலிடம் கடைக்குட்டி ஓடிவந்தது. "அப்பா, அந்த மாமா வாயில நம்ம கதவு!"

பாம்பு பட்டறைக்கு ஊர்ந்து போய் டோக்கன் வாங்கியது. கீரி வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தது. "அறுத்தா ரெண்டு நிமிஷ வேலைதானுங்க. ஆனா உருப்படி முயல் பேருல இருக்கு. குறைன்னு அவரு எழுதிக் கொடுத்தாத்தான் நாங்க கை வைக்கலாம்."

வியாழக்கிழமை முயல் வந்தது. கரடி மனுவை நீட்டியது. ‘உருப்படியில் குறை உண்டா?’ என்று ஒரே ஒரு கேள்வி. முயல் அதை இரண்டு முறை படித்தது. பாம்பைப் பார்த்தது. பாம்புக்கு இமை கிடையாது. அதுவும் பார்த்துக்கொண்டே இருந்தது.

"குறையா? இல்லைங்களே," என்றது முயல். "நான் கேட்டதைவிட நல்லாவே அமைஞ்சிருக்குது."

கையெழுத்தும் போட்டது.

மலைப்பாம்பு பட்டினி தாங்கும். ஆடி போனது, ஐப்பசி போனது. டோக்கன் காலாவதியாகும்போதெல்லாம் கீரி மரியாதையாகப் புதியது கொடுத்தது. அடைப்பு பாம்பின் வாயில் இருந்தவரை, முயலின் வளைக்கு வேறு அடைப்பு தேவைப்படவில்லை. பட்டறைப் பலகையில் ‘பாம்புத் தடுப்பு அடைப்பு – எங்கள் சொந்த வடிவமைப்பு’ என்று கரடி எழுதி வைத்தது.

மார்கழியில் பாம்புக்குப் புது டோக்கன் தேவைப்படவில்லை. கட்டையைக் கழற்றி உரியவரிடம் ஒப்படைத்தார்கள். இப்போது அது முயலின் வளையில் இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றிலும் பல் தடம் இருக்கிறது.

நீதி: தவறை ஒரு பக்கம் மட்டும் செய்யாதே, பிடிபடுவாய். சுற்றிலும் ஒரே அளவாகச் செய். அதற்குப் பெயர் வடிவமைப்பு.